இலந்தை உருண்டை

பத்து நாளாகப் பண்ணையில் கடலை உரித்ததில் தீர்த்தம்மாளுக்குக் கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் உலக்கையைப் பிடித்தாள். வறுத்த கடலை, யுத்தப் பஞ்சத்தில் அரிதாய்க் கிடைத்த வெல்லம் ஒரு துண்டு, பிள்ளைகள் கொட்டை நீக்கிய இலந்தைப்பழம். அவள் இடிக்க, அவர்கள் உருண்டை பிடித்தார்கள்.

வாசனை பிடித்துப் பண்ணைக்காரர் வந்து அவள் குடிசை வாசலில் நின்றார். "என் கடலையா?"

"கடலைச்செடி வெட்டி முடிஞ்ச காட்டு மண்ணுல தப்பிக் கெடந்ததுங்க. எம் புள்ளைங்க குச்சியால நோண்டுனது."

"காடு யாருதுடி? குடு இங்க."

பயந்துபோன மூத்தவன் தட்டை அவர் பக்கம் தள்ளினான். தீர்த்தம்மாள் வெடுக்கென்று இழுத்தாள். "தின்னுங்கடா! அவரு பாக்கப் பாக்கத் தின்னுங்க!"

பிள்ளைகள் வாய்நிறைய மென்றார்கள்.

"கொழுப்பா? நாளைக்கு வேலைக்கு வராத!"

"வரலீங்க. உரிச்ச கூலிய அளந்துட்டுப் போங்க."

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் அளக்காமல் விட்ட பத்து நாள் கூலி, மூன்று வள்ளம் கடலை, இன்னும் பாக்கி.