நான்கு, ஆறு, பதினொன்று

கடைசி மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பி பிரிவில் சத்தம் அடங்கிவிடும். என் ஏ பிரிவில் அப்போதுதான் பை மூடுகிற சத்தமும் பெஞ்சு நகர்கிற சத்தமும் உச்சத்தில் இருக்கும். நடுவில் ஒரு மரத்தடுப்பு மட்டுமே. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு பிள்ளைகளும் குனிந்து, உள்ளங்கை அகலத் துண்டுச் சீட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு எது புரியவில்லை என்று எழுத வேண்டுமாம். பெயர் போட வேண்டாமாம், மார்க்கும் கிடையாதாம். மார்க் இல்லாத ஒன்றை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாய் திறக்காமல் எழுதுவதை என் பத்தொன்பது வருட சர்வீஸில் நான் கண்டதில்லை. அன்றைக்கே பி பிரிவின் புதுக் கணக்கு டீச்சருக்குத் துண்டுச்சீட்டு என்று பெயர் வைத்தேன், மனதுக்குள்.

இந்தப் பள்ளியில் கணக்குக் கேள்வித்தாள் என்றால் நான்தான். இதுவரை ஒரு எழுத்துப்பிழை வந்ததில்லை, ஒரு மார்க் கூடிக் குறைந்ததில்லை. பெற்றோர்களே என் பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வார்கள். துண்டுச்சீட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் நான் பிள்ளைகளைச் சக்கையாகப் பிழிந்துகொண்டிருப்பேன். அவளோ, ஏதோ ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு, எந்த வரியில் வழி தவறியது என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பாள். அந்த வகுப்பின் வாசலில் தலைமையாசிரியை நின்று பார்ப்பதை நானே மூன்று முறை பார்த்தேன். என் வாசலில் அவர் கடைசியாக நின்றது மின்விசிறி ரிப்பேர் ஆனபோது. பொறாமைதான், வேறென்ன சொல்ல. அவள் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே சந்தேகம் கேட்க வரும்போது இன்னும் எரியும். கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம்.

இதில் என் மகள் வேறு. அவளும் ஏழாம் வகுப்புதான், என் பிரிவில்தான் இருக்கிறாள். பள்ளிக் கேட்டுக்கு உள்ளே என்னை டீச்சர் என்பாள், வெளியே வந்தால் அம்மா. ஒரு நாள் சாப்பிடும்போது, பி பிரிவில் தப்பாகப் போட்டவர்களைத் திட்டுவதே இல்லையாம், படம் வரைந்து பார்த்துவிட்டுத்தான் கணக்கையே தொட விடுவார்களாம் என்று கதை சொன்னாள். சொல்லிவிட்டு, அடுத்த வருடம் பிரிவு மாற்றிக்கொள்ள முடியுமா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். ஊருக்கே கேள்வி போடுகிறவளுக்கு இன்றைக்குக் கேள்வி வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பருவத் தேர்வுக்கு முன்னால் தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இரண்டு பிரிவுக்கும் ஒரே தாள், அதை நான் எடுக்க வேண்டும். என் மகள் என் பிரிவில் இருப்பதால், பேச்சு வராமலிருக்க விடைத்தாள் கட்டுகளை மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும். எந்தப் பிரிவின் சராசரி மேலே வருகிறதோ, அடுத்த வருடம் பள்ளி முழுக்க அந்த வழி. கேள்வித்தாள் பொறுப்பும் அந்தப் பிரிவு டீச்சருக்கே. துண்டுச்சீட்டு சரி என்று தலையாட்டினாள். நான் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து, புத்தகக் கணக்குகளின் எண்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். சீட்டெழுதியே பழகியவர்கள் இதில் எப்படித் தேறுகிறார்கள் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு வேகம். நான்கு, ஆறு, எட்டு சென்டிமீட்டர் பக்கங்கள் உள்ள முக்கோணத்தின் சுற்றளவு காண்க என்று ஒரு இரண்டு மார்க் கணக்கு. எட்டை அடித்துப் பதினொன்று என்று எழுதினேன். விடைக்குறிப்பில் இருபத்தொரு செ.மீ.

திருத்துகிற அன்று மதியம் ஆசிரியர் அறையில் நீள மேசையின் அந்தப் பக்கம் அவள் என் கட்டோடு, இந்தப் பக்கம் நான் அவள் கட்டோடு உட்கார்ந்திருந்தோம். நான்காவது தாளில் அந்தக் கணக்குக்கு விடையே இல்லை. பதினொரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, அதன் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு குட்டைக் கோடுகள், அவை எங்கேயும் சேரவில்லை. சந்தோஷமாகச் சுழியம் போட்டேன். ஏழாவது தாளிலும் அதே படம். அதற்கும் சுழியம். பத்தாவது தாளில் படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "டீச்சர், இது மூடாது. நாலும் ஆறும் சேர்த்தாலே பத்துதான் வருது."

பேனா நின்றுவிட்டது. வருகைத்தாளின் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்து வரைந்து பார்த்தேன். இரண்டு பக்கங்களையும் தரையோடு படுக்க வைத்தாலும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் பாக்கி இருந்தது. அப்படி ஒரு முக்கோணம் உலகத்திலேயே கிடையாது. எண்ணிப் பார்த்தேன், பி பிரிவில் மொத்தம் ஒன்பது பேர் அப்படி எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் இருபத்தொன்று என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

விடைக்குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. மாதத் தேர்வுகளில் இரண்டு பிரிவின் சராசரிக்கும் அரை மார்க்கூட வித்தியாசம் இருந்ததில்லை. ஒன்பதுக்கும் சுழியம் போட்டால் என் பிரிவு மயிரிழையில் மேலே நிற்கும். இரண்டு இரண்டு மார்க் போட்டால் அவள் பிரிவு மேலே, என் பத்தொன்பது வருடப் பெயரும் காலி. எதிரே அவள் என் பிள்ளைகளின் தாள்களில் டிக் போட்டுக்கொண்டே போனாள். இருபத்தொரு செ.மீ., அலகோடு, அடிக்கோட்டோடு, எல்லாரும் அச்சடித்த மாதிரி. தலைமையாசிரியை என் வாசலில் நிற்காததெல்லாம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அச்சடித்துக் கொடுத்த கேள்வியைப் பார்த்து இது மூடாது என்று சொல்ல ஒன்பது பேருக்கு வாய் இருந்தது. அந்த ஒன்பதில் ஒன்றுகூட என் பிள்ளை இல்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, இதுக்கு எவ்வளவு போடட்டும்?"

பெயர் தெரியாமலிருக்க மடித்திருந்த முகப்பைப் பிரிக்காமலே அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். என் மகளுடையது. இருபத்தொரு செ.மீ. என்று சரியாக எழுதியிருந்தாள்.

"குறிப்புல என்ன இருக்கோ அதான். முழு மார்க்."

"இல்லக்கா, ஓரத்தப் பாருங்க. வரைஞ்சு பாத்துட்டு அழிச்சிருக்கா."

பார்த்தேன். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் கொஞ்சம் மேலெழும்பியிருந்தது. கேள்வி தப்பு என்று துண்டுச்சீட்டுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. என் முன்னாலிருந்த இரண்டு சுழியங்களும் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பார்க்காதவள் போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைக்கூட என்னைவிட நன்றாகச் செய்கிறாளே என்றிருந்தது எனக்கு.

மணி அடித்தது. என்னோடு வீட்டுக்கு வருவதற்காகப் பையை மாட்டிக்கொண்டு என் மகள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன். தாளை அவளிடம் காட்டினேன்.

"வரைஞ்சியா?"

"ம்."

"சேந்துதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன் அழிச்சே?"

அவள் முதலில் பி பிரிவு டீச்சரைப் பார்த்தாள், பிறகு என்னை. தான் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டதாக நினைத்துவிட்டாள் போலிருந்தது.

"நான்தான் தப்பா வரைஞ்சிட்டேன்னு நெனச்சேன். நீ கேட்ட கேள்வி தப்பா இருக்காதும்மா."

பள்ளிக் கேட்டுக்கு உள்ளே அவள் என்னை அம்மா என்றது அதுதான் முதல் முறை. துண்டுச்சீட்டு மெதுவாகத் தன் நாற்காலிக்குப் போய் அடுத்த தாளைத் திருப்பினாள். நான் சிவப்புப் பேனாவை மூடினேன், மறுபடி திறந்தேன். பிறகு தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அழித்த கோடுகள் தெரிந்தன. பதினொரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு, அதன் இரு முனையிலும் ஒன்றையொன்று பார்த்து நீண்டு, எட்டாமல் நின்றுவிட்ட இரண்டு சின்னக் கோடுகள்.