மருந்துக்கு முந்தின ரத்தம்

கடற்கரை அண்ணாச்சி வந்தபோது நான் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பேரே கடற்கரைதான்; ஆலங்குளத்தில் மிளகாய்த் தோட்டம் வைத்திருக்கிறவர். அவர் மகள் வடிவுக்கு ரத்தப் புற்று. ஒன்பது வயசு. சாரலில் நனைந்து வாசலிலேயே நின்றார்.

"விடியக்கால போயிட்டா அண்ணாச்சி. சாயங்காலம் அடக்கம். நீங்க எடுத்த ரத்தத்தக் குடுத்துருங்க. பிள்ளைய முழுசாத்தான் மண்ணுக்குள்ள வைக்கணும்னு எங்க வீட்டுல ஒரே பிடியா நிக்கா."

பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

டாக்டர் ருக்மிணியம்மா குற்றாலத்தில் ஒரு வாடகை வீட்டில் நடத்திய ஆய்வுக்கூடம் அது. எண்பத்து நாலாம் வருசம். அதுவரைக்கும் நான் கல் உடைத்தவன். இடுப்பு விட்டுப்போனபிறகு, நாற்பது வயசில் முதியோர் பள்ளியில் கற்ற எழுத்தை வைத்து இந்த வேலை கிடைத்தது. குழாயில் பேர் எழுதி ஒட்டணும், பனிப்பெட்டியில் அடுக்கணும், கரண்டு போனால் ஐஸுக்கு ஓடணும்.

அம்மா எனக்கு விளங்குகிற மாதிரி ஒருநாள் சொன்னாள்: "ரத்த அணுவுக்குள்ள எழுதியிருக்கறது அப்படியேதான் இருக்கு மாடன். வாசிக்க வேண்டிய வரிமேல காகிதத்த ஒட்டி மூடினாப்பல ஆயிடறது. எந்த வரின்னுதான் தேடறேன்." மருந்து ஏறிவிட்டால் அந்த ஒட்டு கலைந்துபோகுமாம். அதனால் மருந்துக்கு முந்தின ரத்தம்தான் வேணும். வடிவிடம் அப்படி எடுத்தது இரண்டு குழாய். ஒன்று சோதனையில் தீர்ந்துபோயிற்று. எட்டு மாச வேலை மிச்ச ஒன்றில் நின்றது.

விசயத்தைச் சொன்னேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவருக்கு வாசிக்கத் தெரியுமா?"

"கைநாட்டும்மா."

"கை பழகறதுக்கு உங்க கையிலேர்ந்து ரத்தம் எடுத்தோமே, அது இருக்கோல்லியோ. அதைக் குடுத்துடுங்கோ."

பனிப்பெட்டியைத் திறந்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே நிறம். என் ரத்தத்தை அந்தப் பிள்ளையின் மாரில் வைத்து மண்ணைத் தள்ளுவார்கள். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

கல்குவாரியில் மேஸ்திரி தாளை நீட்டுவான். என்ன எழுதியிருக்குன்னு கேட்டால், "ஒனக்கு நல்லதுதாம்லே, உருட்டு" என்பான். இருபது வருசம் கட்டைவிரலை உருட்டினேன்.

வடிவின் குழாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எழுத்தின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். "வடிவு. வயது ஒன்பது. ஆலங்குளம். மருந்துக்கு முன். இது உங்க பிள்ளையோடதுதான் அண்ணாச்சி. ஆனா டாக்டரம்மாவுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இத வச்சுத்தான் இந்தச் சீக்கு எப்பிடி வருதுன்னு பாக்குதாங்க. குடுக்கச் சொல்லுதீங்களா, வைக்கச் சொல்லுதீங்களா?"

அவர் குழாயையே பார்த்தார்.

"பாத்தா வடிவு திரும்பி வருவாளா?"

"வரமாட்டா."

"வேற பிள்ளைக பொழைக்குமா?"

"தெரியாது அண்ணாச்சி. அம்மாவுக்கே தெரியாது."

"வேற பிள்ளைக நல்லாருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "நான் வெறுங்கையோட போனா அவ பிள்ளைய எடுக்க விடமாட்டா."

கொடுத்தேன்.

அம்மா கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. ஏசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "ஐஸ் வச்சுக் குடுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். ஆலங்குளம் வண்டி கிளம்ப நேரமிருந்தது. ஐஸுக்குள் குழாயை வைத்துக் கொடுத்த தூக்குவாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஐஸ் கரைந்து வேட்டியில் சொட்டியது.

"தண்ணியாப் போயிருமா அண்ணாச்சி?"

"ஐஸுதான் தண்ணியாவும். உள்ள இருக்கது ரத்தமாத்தான் இருக்கும்."

சரியென்று தலையை ஆட்டினார். கண்டக்டர் விசிலடித்தான்.