தே வேராவின் ரத்தம் விழுந்த இடம்

தலைவர் தே வேரா நிமிர்ந்து நின்றதால்தான் செத்தார். குனிந்திருந்தால் இன்னும் பல வருஷம் இருந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருப்பார்.

கோட்டையின் மண்மேட்டில் ஏறி, மேலங்கியை விலக்கித் தோளைக் காட்டி, வைக்காத்தோ ஆற்றங்கரையில் இறங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார ராணியின் சிப்பாய்களைப் பார்த்துச் சவாலாக நாக்கைத் துருத்தினார். எத்தனையோ சண்டைகளில் அப்படி நின்றவர். அந்தத் தூரத்துக்குப் பழைய துப்பாக்கியின் குண்டு வந்து சேராது. வந்தாலும் களைத்துப் போய்ப் புல்லில் விழும். ஆனால் வெள்ளைக்காரன் இப்போது குழலுக்குள் சுருளாகக் கோடு வெட்டி வைத்திருக்கிறான். குண்டு சுழன்றுகொண்டு வருகிறது, முன்னைவிட நாலு மடங்கு தூரம். தலைவருக்கு இதை யாரும் சொல்லாமல் இல்லை. சொன்னவர்களைக் கோழைகள் என்றார். வெடிச்சத்தம் வந்து சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே பின்னால் சரிந்து, நடுப் பதுங்குகுழிக்குள் விழுந்து கிடந்தார்.

உடலை ஓடத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பூசாரியும் கூடவே போனார். குழியின் தரையில் ரத்தம் மட்டும் தங்கியது. தலைவரின் ரத்தம் விழுந்த மண் தபு, தீண்டக் கூடாத புனிதம். அதில் கால் வைக்கக் கூடாது, மண்வெட்டி படக் கூடாது. தே வேராவின் தம்பி பௌரா ஒரு கோலை நட்டு, அதில் நார்ப்புல் இலையைக் கட்டிவிட்டார். அத்தோடு அந்தக் குழியில் வேலை நின்றது.

வேலை நின்றதுதான் வினையாகிவிட்டது. குழிகளைத் திட்டம்போட்டு வெட்டியவன் மாத்தேனே, தே வேராவின் மூத்த மகள் ரிப்பேகாவின் புருஷன். எல்லாக் குழிகளையும் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து வெட்டியிருந்தான். நடுக்குழியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தான். அது இன்னும் நேர்கோடாகவே கிடந்தது. கீழே ஆற்றில் பீரங்கிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

ரிப்பேகா அடுப்புக் குழியிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாத்தேனே வந்து எதிரில் குந்தினான்.

"ரிப்பேகா, நீதான் அந்த மண்ணை விடுவிக்கணும்."

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பூசாரி இல்லாதபோது தலைவர் வீட்டு மூத்த பெண்ணுக்குத்தான் அந்த உரிமை. அவள் அந்த இடத்தில் வெந்த உணவைத் தின்று, தாண்டி நடந்தால் தபு விலகும். அப்புறம் யாரும் மிதிக்கலாம், வெட்டலாம். ஆனால் வெந்த உணவைப்போல் ஒரு தலைவரை அசிங்கப்படுத்துவது வேறொன்றும் கிடையாது. வைகிற வார்த்தைகளிலேயே மோசமானது ‘உன் தலையைச் சமைப்பேன்’ என்பதுதான்.

"எங்கப்பா ரத்தத்து மேல உக்காந்து கிழங்கு திங்கச் சொல்றியா? உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட நேரமில்ல."

"ஊர்ல இன்னும் அவரைப் புதைக்கக்கூட இல்லடா பாவி!"

"திட்டு. திட்டிட்டு வா. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு அப்புறம் மாட்டேன்னு சொல்லு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நடுக்குழியின் வெளிமுனையில், கோலுக்கு இப்பால் அவளைக் குப்புறப் படுக்கவைத்து ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்தான்.

"நீதான் வெள்ளைக்காரச் சிப்பாய். வேலி உடைஞ்சிருச்சு, உள்ள குதிச்சிட்ட. இப்ப என்ன தெரியுது?"

குழல் நீட்டிய திசையில் ஓர் ஓடைபோலக் குழி நேராகப் போனது. மறுமுனையில் பௌரா சித்தப்பா உட்கார்ந்து தோட்டா சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு சித்தி மகன்கள். ஒருவன் மற்றவனை ஏதோ கிண்டல் செய்ய, இருவரும் சிரித்தார்கள். மூன்று தலைகளும் ஒரே கோட்டில் இருந்தன.

"ஒரு குண்டு போதும், மூணு பேரையும் துளைச்சிட்டுப் போகும்," என்றான் மாத்தேனே. "வளைவு இருந்தா அவன் கண்ணுக்கு வெறும் மண்ணுதான் தெரியும். எம்புட்டுத் தூரம் சுடுற துப்பாக்கியா இருந்தா என்ன?"

ரிப்பேகா எழுந்து போய்க் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துவந்தாள். பௌரா பார்த்துவிட்டார்.

"ஏய், என்ன பண்ணப்போற? எங்கண்ணன் கிடந்த இடம்டி அது!"

"தெரியும் சித்தப்பா."

"தெரிஞ்சுமா? அவருக்குப் பொண்ணாப் பொறந்ததுக்கு நீ ஒரு நாயாப் பொறந்திருக்கலாம்!"

அவள் குழியில் இறங்கினாள். காய்ந்து கறுத்த மண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து கிழங்கைக் கடித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். முழுவதும் தின்று முடிக்க வேண்டும், தின்றாள். பிறகு எழுந்து அந்தக் கறையைத் தாண்டி நடந்தாள். அவளுக்குத் தன் உடம்பே அருவருத்தது. மாத்தேனே நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சரியாக அந்தக் கறை இருந்த இடத்தில்தான் முதல் வளைவை வெட்டினான்.

மறுநாள் காலையெல்லாம் பீரங்கி அடித்தது. முன்வேலி சுள்ளியும் நார்ப்புல்லுமாக ஒப்புக்கு நிறுத்தியது, பீரங்கிக்காரனின் கண்ணை ஏமாற்ற. அவனும் ஏமாந்து அதையே அடித்து நொறுக்கினான். ஜனங்கள் மரக்கட்டையும் மண்ணும் மூடிய அறைகளுக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார்கள். கோட்டையில் சத்தமே இல்லாததால், எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிப்பாய்கள் வரிசைகட்டி வந்தார்கள். கையில் அத்தனை நல்ல துப்பாக்கி இருந்தும், தாத்தா காலத்து மாதிரி தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தார்கள். தே வேராவை முட்டாள் என்றால் இவர்களை என்னவென்று சொல்வது?

நடுக்குழியில் குதித்தவர்கள் முதல் வளைவில் மண்சுவரைத்தான் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தும் காலடியிலிருந்தும் சுடப்பட்டுச் செத்தார்கள். சின்னப் பையன்கள், ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டது பாஷை தெரியாமலே ரிப்பேகாவுக்குப் புரிந்தது. மிச்சம் இருந்தவர்கள் திரும்பி ஓடினார்கள். பௌரா பிழைத்தார், சித்தி மகன்களும் பிழைத்தார்கள். ரிப்பேகா தண்ணீர்க் குடுவையை நீட்டியபோது பௌரா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறொருத்தியிடம் வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் மாத்தேனே சாமான்களைக் கட்டச் சொன்னான்.

"எதுக்கு? நாமதான ஜெயிச்சோம்?" என்றாள் ரிப்பேகா.

"அதான் போறோம். நாளைக்குச் சுத்தி வளைச்சிருவான். இங்க தண்ணியும் இல்ல. பின்பக்கம் சதுப்பு வழியா இறங்கிடலாம்."

"அப்ப இந்தக் கோட்டை?"

"இதென்ன குடியிருக்கிற வீடா? அவனை அடிக்கத்தான் வெட்டினோம், அடிச்சாச்சு. இனி அவனே வச்சுக்கட்டும்."

அவள் கட்டிய மூட்டையைக் கீழே வைத்தாள். "ஜெயிச்சாலும் விட்டுட்டுத்தான் போவோம்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வெட்ட ஆரம்பிச்ச அன்னைக்கே தெரியும்."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா தின்னிருப்பியா?"

அவள் மூட்டையை மறுபடி எடுத்தாள். அப்பாவின் ரத்தத்தை வெறும் மண்ணாக்கியதும் இவள்தான், இப்போது அந்த மண்ணை எதிரிக்கு விட்டுவிட்டு நடப்பதும் இவள்தான். இடுப்பளவு சேற்றில் இறங்கும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆற்றுக்கு மேலே இன்னொரு மேட்டில் மறுபடி வெட்டத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரனும் பாடம் படித்துவிட்டான் என்று சேதி வந்தது. இனி அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரமாட்டானாம். எட்ட இருந்தே குழி வெட்டிக்கொண்டு எலிபோல மெல்ல மெல்ல நெருங்குவானாம். இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. நிமிர்ந்து நின்று பெயர் சொல்லிச் சண்டை போடுகிறவன் இரண்டு பக்கமும் இல்லாமல் போனான்.

பௌரா தள்ளி உட்கார்ந்து தின்றார். ரிப்பேகா தொட்ட கூடையிலிருந்து அவர் வீட்டார் யாரும் எடுப்பதில்லை. மாத்தேனே கயிறு பிடித்துப் புதுக்குழிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"இந்தத் தடவ பயமில்ல," என்றான். "யாரு ரத்தம் எங்க விழுந்தாலும் வேலை நிக்காது. நீ இருக்க."

தலைவர் வீட்டு மூத்த பெண்ணாகப் பிறந்ததற்கு அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் கடைசியில் இதற்குத்தானா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"நாளைக்கு உன் ரத்தமே இந்தக் குழியில விழுந்தா?" என்றாள். "அது மேலயும் உக்காந்து தின்னுட்டு, வெட்டுங்கன்னு சொல்லவா?"

மாத்தேனே நிமிரவில்லை. முளையை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டினான்.

"ஆமா. காயுற வரைக்கும்கூடக் காத்திருக்காத."