வியாழக்கிழமைக் கடிதம்

கடைத்தெருவில் எல்லோரும் அவரை ரீஸ்டார்ட் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கடையிலிருந்து போன் வந்தாலும், "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்பதுதான் அவர் வாயிலிருந்து முதலில் வரும். பத்தில் ஆறு கோளாறு அதிலேயே சரியாகிவிடும். மீதி நாலுக்குத் தோள்பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவார்.

டிராவல்ஸ் ஆபீசில் மூன்று நாளாகப் பிரிண்டர் வாய் திறக்கவில்லை என்று போனால், பெருக்க வந்த அம்மா துடைப்பத்தால் ஒயரைத் தட்டிவிட்டிருப்பார். கண்ணாடிக் கடையில் திரை தலைகீழாகத் திரும்பிவிட, கடைக்காரர் இரண்டு நாள் கழுத்தைச் சாய்த்தே வேலை பார்த்து, மூன்றாம் நாள் சுளுக்குத் தைலத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர், "பாஸ்வேர்டை நீங்கதான மாத்துனீங்க" என்று சண்டைக்கே வந்துவிட்டார்; பாஸ்வேர்ட் அவர் கையெழுத்திலேயே கீபோர்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா போயிடுச்சு." ரீஸ்டார்ட் சிரித்துக்கொள்வார். யாரையும் குத்திக்காட்டியதில்லை.

இந்தத் தொழிலில் அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டது அவர் மனைவியின் அண்ணன், ஒரு பல் டாக்டர். பதினொரு வருடங்களுக்கு முன் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட, ரீஸ்டார்ட் ஆறு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது டாக்டர்தான், "நம்ம கிளினிக்ல ரெண்டு சிஸ்டம் இருக்கு, நீங்க பாத்துக்கங்க மாப்ள. நாலு பேருக்கு நானே சொல்லிவிடறேன்" என்றார். சொல்லவும் செய்தார். கண்ணாடிக் கடையும் டிராவல்ஸும் அவர் வாயால் வந்ததுதான். அதனால் கிளினிக்கிலிருந்து போன் என்றால் ரீஸ்டார்ட் சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஓடுவார்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் ஓடினார்.

"கடைசி மூணு மாச பேஷன்ட் ஃபைல் எல்லாம் காணோம் மாப்ள. எக்ஸ்ரே படம், குறிப்பு, ஒண்ணுமே இல்ல" என்றார் டாக்டர். ஓர் ஓரத்தில் வரவேற்புப் பெண் அழுதுவிடுகிற முகத்தோடு நின்றாள். "சனிக்கிழமை நான் கிளம்பறப்போ எல்லாம் இருந்துச்சு சார். இன்னிக்குச் சிஸ்டத்தைத் திறந்தா இல்ல. நான் ஒண்ணுமே பண்ணல."

"நீங்க பண்ணலம்மா, பயப்படாதீங்க" என்றார் ரீஸ்டார்ட். வேறெதையும் தொடாமல் மெஷினை நிறுத்தினார். அழிந்த இடத்தின்மேல் புதிதாக எதுவும் எழுதப்பட்டுவிட்டால் பழையது கிடைக்காது. "பேக்கப் டிஸ்க் எங்க மச்சான்? அதுல ஒரு காப்பி இருக்குமே."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "அதான் போன வாரம் உங்ககிட்ட வாங்கினேனே. பொண்ணோட காலேஜ் விழா வீடியோ போடணும்னு. எல்லாத்தையும் அழிச்சிட்டுல்ல போட்டேன்."

ரீஸ்டார்ட்டுக்குச் சுருக்கென்றது. அந்த டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தது அவர் கைதான்; அவசரத்தில் அது மறந்துபோயிருந்தது. இரண்டு நாளில் தந்துவிடுகிறேன் என்று மச்சான் கேட்டபோது, மறுவார்த்தை பேசாமல் கொடுத்திருந்தார். தப்பு தன்னுடையது என்றே அந்த நிமிடம் நினைத்தார்.

"உள்ள இருக்கிற டிஸ்க்கை நான் எடுத்துட்டுப் போறேன். தோண்டிப் பாக்கறேன்."

"எதுக்கு மாப்ள அவ்ளோ சிரமம்?" டாக்டர் அவர் தோளில் கைபோட்டார். "வராதுன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. பேஷன்ட்டுங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

என்ன பெருந்தன்மை என்று ரீஸ்டார்ட்டுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இப்படிப்பட்ட மனிதருக்கு வராது என்று எழுதிக் கொடுப்பதா? டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். டாக்டர் வாசல்வரை வந்து, "வேணாம் மாப்ள, விடுங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வேறெந்த வேலைக்கும் போகவில்லை. வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. மேசை நிறைய ஒயரும் திருகாணியும் கிடக்கும். மனைவி இரண்டு தரம் தேநீர் வைத்துவிட்டுப் போனாள், இரண்டும் ஆறிப்போயின. மத்தியானத்துக்குள் ஒன்று புரிந்தது: டிஸ்க்குக்கு ஒரு நோயும் இல்லை. யாரோ அந்த மூன்று மாதத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, குப்பைத் தொட்டியிலும் தங்காதபடி அழித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு. ஞாயிறு கிளினிக் கிடையாது. சாவி ஒருவரிடம்தான் உண்டு.

தெரியாமல் கை பட்டிருக்கும் என்று நினைத்தார். பெரிய மனிதர்களுக்கும் கை தவறும்.

மூன்று மணிக்கு ஃபைல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரத் தொடங்கின. ஒரு படம்கூடச் சிதையவில்லை. "வந்துடுச்சு! மொத்தமும் வந்துடுச்சு!" என்று அவர் கத்திய கத்தலில் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "எங்கண்ணன் குடுத்து வெச்சவருதான்" என்று சிரித்தாள்.

முழுதாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்க, கடைசியாக அழிக்கப்பட்டவற்றை வரிசையாகத் திறந்து பார்த்தார். நோயாளிகளின் ஃபைல்களுக்கு நடுவே ஒரு கடிதம் கிடந்தது. பாட்டு டீச்சர் ஒருவருக்கு எழுதியது. வலிக்கிற பல்லை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டதாக அவர் கொடுத்திருந்த புகாருக்குப் பதில்.

"தாங்கள் கேட்ட எக்ஸ்ரே படம் எங்களிடம் தற்போது இல்லை. எங்கள் கணினிகளைப் பராமரிக்கும் வெளி நபர் ஒருவரின் கவனக்குறைவால் மூன்று மாதப் பதிவுகள் அழிந்துவிட்டன. அவர் முறையாக நகல் எடுத்து வைக்கவும் இல்லை. திங்கட்கிழமை வந்து சோதித்த அவர், மீட்க வழியில்லை என்று எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார்."

ரீஸ்டார்ட் அந்தக் கடிதம் எழுதப்பட்ட தேதியைப் பார்த்தார். வியாழக்கிழமை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஞாயிறு அழிந்ததும், திங்கள் தான் போய்ப் பார்த்ததும் வியாழனன்றே அதில் நடந்து முடிந்திருந்தன. டிஸ்க்கை மச்சான் கேட்டு வாங்கியது அதற்கு முந்தின நாள், புதன்.

வெளி நபர். பதினொரு வருடம் மாப்ள, மாப்ள என்று கூப்பிட்ட வாய்.

மனைவியிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆறின தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மீட்ட ஃபைல்களைப் பழைய இடத்திலேயே வைத்தார். அந்தக் கடிதத்தையும் சேர்த்து.

புதன்கிழமை காலை கிளினிக் திறந்ததும் டிஸ்க்கைப் பொருத்தினார். படங்கள் திரையில் வந்ததும் வரவேற்புப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், ராத்திரி பூரா தூங்கல சார் நான்." எல்லாக் கடையிலும் செய்வதுபோல ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். 'மூன்று மாதப் பதிவுகளும் குறைவில்லாமல் திருப்பி வைக்கப்பட்டன' என்ற வரியின் கீழே அவள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு, கிளினிக் முத்திரையும் குத்தினாள்.

பிறகு உள்ளே போனார். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வந்துடுச்சு மச்சான்."

டாக்டரின் கை பாதிக் கையுறையில் நின்றது. சந்தோஷப்படுவதற்கு ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. "எல்லாமேவா?" என்றார்.

"எல்லாமே. வியாழக்கிழமை எழுதின கடிதம்கூட."

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். தன் நாற்காலியில் உட்காராமல், நோயாளிகள் படுக்கிற நீள நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "கோவப்படாதீங்க மாப்ள. கேளுங்க. அந்தம்மா விடற மாதிரி இல்ல. இருபது வருஷமா எடுத்த பேரு. ஒரு தடவை கை தவறிடுச்சு."

"கை தவறுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. என் பேரை ஏன் இழுத்தீங்க?"

"உங்க பேரே இல்லியே அதுல."

"இந்த ஊர்ல உங்க கம்ப்யூட்டரைப் பாக்கறது யாருன்னு யாருக்குத் தெரியாது மச்சான்?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "வேற ஒருத்தன்னா சும்மா இருப்பானா, சொல்லுங்க? நீங்க நம்ம ஆளு. தாங்கிப்பீங்கன்னு நம்பித்தான் பண்ணேன்."

அதைச் சொன்னபோது டாக்டரின் முகத்தில் கள்ளமே இல்லை. உண்மையிலேயே அதை ஒரு மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார். ரீஸ்டார்ட்டுக்கு அதுதான் தாங்கவில்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல" என்றார் டாக்டர். "அந்த ஒரு வரியை எழுதிக் குடுங்க. உங்ககிட்ட காப்பி இருக்கா?"

"இருக்கு. யாருக்குப் பண்ணாலும் ஒரு மாசம் வெச்சிருப்பேன்."

"அழிச்சிடுங்க."

"அழிக்கச் சொல்லி எழுதிக் குடுங்க மச்சான், இப்பவே அழிக்கறேன்."

ரீஸ்டார்ட் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ய மூன்று உதை தேவைப்பட்டது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அண்ணன் செஞ்சது தப்புதான். ஆனா ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா என்ன குறைஞ்சிடும்? நாம பட்டினி கெடந்தப்போ கை குடுத்தவருங்க அவரு."

"நீயுமா?" என்றார் அவர். கடிதத்தைத் திரையில் திறந்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கீரை அப்படியே கிடந்தது. அவள் திரைமுன் உட்கார்ந்திருந்தாள். "வெளி நபர்னு எழுதியிருக்காரு" என்றாள் மெதுவாக. "என் புருஷனை."

எழுதிக் கொடுக்காவிட்டால் என்ன, டாக்டர் கடிதத்தை அனுப்பியே விட்டார். 'எழுத்து மூலம்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'வாய்மொழியாக' என்று மாற்றியிருந்தார். பேச்சு கடைத்தெருவுக்கு வர நாலு நாள்கூட ஆகவில்லை. டிராவல்ஸ்காரர், "வேற ஒரு பையன் வந்து பாக்கறான் சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் போனையே எடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும், "நீங்க தொலைக்கற ஆளு இல்ல. நான்தான் தொலைக்கற ஆளு" என்று உட்காரவைத்துப் பேசினார். அன்றைக்குத்தான் ரீஸ்டார்ட்டுக்குக் கண் கலங்கியது.

அடுத்த வாரம் ஒரு பகல் பொழுதில் அந்தப் பாட்டு டீச்சர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கிளினிக் வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ரீஸ்டார்ட் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்து விலாசத்தைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். கையில் அந்தக் கடிதம். பேசும்போது 'ச' என்ற எழுத்துக்கெல்லாம் பல் போன இடைவெளி வழியே ஒரு விசில் வந்தது.

"வெளி நபர்ங்கறது நீங்கதானே?" என்றார். "பிள்ளைங்க முன்னாடி 'ச' பாட முடியல சார். வலி இன்னும் அப்படியே இருக்கு. படத்தைத் தொலைச்சுட்டீங்களே, நியாயமா?"

ரீஸ்டார்ட் அவரை உட்காரச் சொன்னார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். அவள் அங்கே நிற்கும்போது இதைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இல்லை.

"உங்க படம் தொலையலம்மா. புதன்கிழமை காலைல நானே திருப்பி வெச்சேன். அதை நான் உங்களுக்கு எடுத்துத் தரக் கூடாது, அது என் பொருள் இல்ல. ஆனா நீங்க போய்க் கேட்டா, இல்லன்னு அவங்க சொல்ல முடியாது." எழுந்து ரசீதுப் புத்தகத்தை எடுக்கப் போனார். அதற்குள் மனைவியே அலமாரியிலிருந்து அதை எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டி, டீச்சர் முன்னால் வைத்தாள்.

டீச்சர் கையெழுத்தையும் முத்திரையையும் தேதியையும் ஒருமுறை பார்த்தார். தன் கடிதத்தின் தேதியைப் பார்த்தார்; அது ரசீதுக்குப் பிந்தியது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்களைத் திட்டணும்னு வந்தேன். மன்னிச்சிடுங்க" என்றார்.

பிறகு நடந்தது அதிகமில்லை. டீச்சர் ரசீதைக் காட்டியதும் எக்ஸ்ரே கிடைத்துவிட்டது. டாக்டர் தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். வேறொரு டாக்டரிடம் டீச்சருக்குப் பல்லைச் சரிசெய்யவும் ஏற்பாடு செய்தார். கிளினிக் மூடிவிடவில்லை; நாற்காலிகளில் ஆட்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைத்தெருவிலும் பேச்சு திரும்பியது. கண்ணாடிக் கடைக்காரர் ஒன்றுமே நடக்காததுபோல, "சார், திரை மறுபடியும் திரும்பிக்கிச்சு" என்று போன் செய்தார். சொந்தத்தில்தான் எதுவும் திரும்பவில்லை. மாப்பிள்ளை காட்டிக்கொடுத்துவிட்டான் என்று மாமியார் வீட்டில் முடிவாகிவிட்டது. மனைவிக்கு அம்மாவிடமிருந்து வரும் போன் நின்றது. அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைசொல்லவில்லை. சில நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் வந்தால் கீழே வைத்துவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து, காலையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. இளவயதுக் குரல். "சார், நான் பல் கிளினிக்ல இருந்து பேசறேன். புதுசா சிஸ்டம் பாக்கறேன். எக்ஸ்ரே மெஷின்ல எடுக்கற படம் கம்ப்யூட்டருக்கு வர மாட்டேங்குது சார். நாலு பேஷன்ட் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் கன்னத்தைப் புடிச்சிட்டு அழறாரு. ஸ்டிக்கர்ல உங்க நம்பர் இருந்துச்சு."

ரீஸ்டார்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஸ்கிரீன்ல எந்த ஜன்னல் திறந்திருக்கு, படிங்க" என்றார். ஒவ்வொரு படியாகச் சொன்னார். எதை அழுத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது, எந்தப் பெட்டியில் டிக் எடுத்துவிட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. ஏழெட்டு நிமிடம் ஆயிற்று.

"வந்துடுச்சு சார்! படம் வந்துடுச்சு!"

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே, பதினொரு வருடமாகக் கேட்டுப் பழகிய குரல்: "யாருப்பா லைன்ல?"

"பழைய ஆளு சார்" என்றது இளம் குரல்.

தொடர்பை அந்தப் பக்கம் துண்டிக்கட்டும் என்று ரீஸ்டார்ட் போனைக் காதிலேயே வைத்திருந்தார். வெகுநேரம் அவர்களும் துண்டிக்கவில்லை. கடைசியில் அவரே வைத்துவிட்டு, கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினார்.