வாலுக்கு வழி விட்ட அங்கி

யூதர்களுக்கு வால் உண்டு என்று தன் பயண நூலில் எபர்வின் எழுதி முடித்த காலையில் அவனுக்கே வால் முளைத்தது. ஒரு முழ நீளம், நுனியில் செம்பட்டை மயிர். எருசலேம் போய் வந்தவன் என்று அந்த ரைன் ஆற்றங்கரை ஊரில் அவனுக்குப் பெரிய பேர். உண்மையில் அக்கரைச் சத்திரம் வரை போய், பன்றிக் கறியும் பீருமாக ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பியிருந்தான். நூலில் நாய்த்தலை மனிதர்களும் மார்பில் முகம் வைத்தவர்களும் இருந்தார்கள். தொலைவில் வாழ்ந்ததால் அவர்கள் யாருக்கும் தொந்தரவு தரவில்லை.

அன்று சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள். யூதர் தெருவில் பழைய துணி தைத்து விற்கும் பேலாவின் வீட்டில் அந்நாளில் யாரும் நெருப்பைத் தொடக் கூடாது என்பதால், வாராவாரம் போல எபர்வினே அடுப்பு மூட்டப் போனான். குனிந்தபோது அங்கி பின்பக்கம் எழுந்தது.

"என்னடா அது?" என்றாள் பேலா. அவன் சொன்னான். அவள் சிரித்து ஓய நேரமாயிற்று. "இத்தன வருஷமா என் அடுப்படிக்கு வர்ற. எனக்கு வாலு இருந்து பாத்திருக்கியா?"

"பாவாடைக்குள்ள இருக்கும்னு நெனச்சேன்க்கா."

"பக்கத்து வீட்டப் பாக்காதவன் எருசலேமப் பாத்தானாம்!"

மறுநாள் கிறிஸ்தவ ஆயரின் மண்டபத்தில் அவன் நூலின் வாசிப்பு. அந்த வரி காதில் விழுந்தால் ஊர் தடியோடு யூதர் தெருவுக்கு வரும். பக்கத்து ஊரில் இதைவிடச் சின்னப் பொய்க்கே தெரு காலியாகியிருந்தது. பேலாவின் சிரிப்பு நின்றது. "அந்த வரிய அடிச்சிடுடா."

"அதுக்காகத்தான்க்கா ஆயர் விருந்தே வெக்கிறாரு. அங்கிய மட்டும் கொஞ்சம் பெருசாக்கிக் குடு."

"இன்னிக்கு ஊசி தொட மாட்டேன். வாலோடயே போ."

ஞாயிறன்று எபர்வின் அந்த வரியை வாசித்தான். மண்டபமே தலையாட்டியது. தலையாட்டிய ஒவ்வொருவருக்கும் முளைத்தது: காவல் தலைவனுக்குப் பன்றியுடையது, பாதிரிமாருக்குப் பூனையுடையது, ஆயருக்கு ஈ ஓட்டத் தோதான மாட்டு வால். தெருவைக் கொளுத்தக் கிளம்பியவர்கள் ஒரு கையில் தடியும் மறு கையில் நழுவும் கால்சட்டையுமாக வாசலிலேயே நின்றார்கள். ஊர்த் தையற்காரர்களும் தலையாட்டியவர்கள்தாம். உட்கார்ந்து தைக்க முடியவில்லை. திங்களன்று பேலாவின் கடை முன் வரிசை மீன் சந்தை வரை நீண்டது.

ஆயர் பின்வாசல் வழியாக வந்தார். "திரும்பி நில்லுங்க ஆண்டகை," என்று அளவெடுத்தாள் பேலா. "நீங்க எங்க தெருவக் காலி பண்ணச் சொல்றதா கேள்விப்பட்டேன்?"

"யாரு சொன்னது? அங்கி என்னிக்குக் கெடைக்கும்?"

"சனிக்கெழம வேல இல்ல. அதுக்கப்புறம் பாக்கலாம்."

அங்கியின் பின்பக்கம் திறப்பு வைப்பது அவ்வூரில் வழக்கமாயிற்று. எபர்வின் சனிதோறும் அடுப்பு மூட்டினான், வாலைத் தோளில் போட்டுக்கொண்டு. சில வருடங்களில் அடுத்த நூலும் எழுதினான். வாலே இல்லாத மனிதர்கள் பக்கத்துத் தெருவிலேயே வாழ்கிறார்கள் என்றது அது. அதை மட்டும் ஊரில் ஒருவரும் நம்பவில்லை.