ஒற்றைக்கண் கேப்டன்

மார்க்கருக்கு வேண்டியது ஒரு நாற்காலி. வேறொன்றும் இல்லை.

பில்லியர்ட்ஸ் கிளப்பில் மார்க்கர் என்றால் ஆடுகிறவர்களின் புள்ளிகளைப் பலகையில் குறிப்பவர், பந்துகளைத் துடைத்து வைப்பவர், தோற்றவர் சொல்கிற சாக்குக்கெல்லாம் தலையாட்டுபவர். அத்தனையும் நின்றுகொண்டே. உட்காரும் பாக்கியம் ஹெட் மார்க்கருக்கு மட்டும்தான். சுவரோரம் அவருக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருஷம் நின்று நின்று நம் மனுஷனின் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. ஹெட் மார்க்கர் ஓய்வு பெறுகிறார் என்றதும், இனி நாற்காலி தனக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டிவிட்டார்.

அதில் மண்ணைப் போட்டது செயலாளரின் நேர்மை. "சும்மா தூக்கிக் குடுத்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. பரீட்சை வெச்சிடறேன்" என்றார். போட்டிக்கு இருந்ததோ மார்க்கரின் மைத்துனன் ஒருவன்தான். வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல், யார் யார் கையையோ காலையோ பிடித்து உள்ளே நுழைத்துவிட்டவர் சாட்சாத் மார்க்கரேதான்.

மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். பரீட்சை என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். "கேரம்னா என்ன, அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு கட்டாயம் கேப்பாங்க. சொல்லுங்க பாப்போம்."

"நம்ம பந்து ஒரு பந்துல பட்டு, தெறிச்சுப் போய் இன்னொண்ணுலயும் பட்டா அது கேரம். கேரம்னு ஒரு கப்பல் கேப்டன் இருந்தான். ஒத்தக்கண்ணன். எதைக் குறி வெச்சாலும் முதல்ல வேற எதுலயாவது பட்டுட்டுத்தான் அதுல போய்ப் படும்."

"இதை யாரு சொன்னா?"

"நான்தான்" என்று அசடு வழிந்தார்.

உண்மை அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எவரோ ஒரு உறுப்பினர் கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அதே கேப்டன்தான். மைத்துனனுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"கர்மம்! பரீட்சையில இந்தக் கதையெல்லாம் விட்டு மானத்த வாங்காதீங்க" என்ற மனைவி, மறுநாளே நாலு அகராதியைப் புரட்டிக் குறிப்பெடுத்து வந்தாள். கேரம் என்பது கேரம்போல் என்பதன் சுருக்கம். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்டத்தின் சிவப்புப் பந்தை அப்படி அழைத்தார்கள். ஸ்பானிஷ் மொழியில் அதே சொல் ஒரு பழத்துக்கும் பெயர். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். பழத்திலிருந்துதான் பந்துக்குப் பெயர் வந்ததா என்பதில் அகராதிக்காரர்களுக்கே சந்தேகம்.

"தம்பிக்கும் இந்தக் குறிப்புல ஒரு காப்பி எடுத்துக் குடுக்கட்டுமா?"

"அவன்கிட்ட மூச்சு விட்டே, தெரியும் சேதி!" என்றார் மார்க்கர். பத்து நாள் நெட்டுருப் போட்டார்.

செயலாளர் அதையேதான் கேட்டார். மார்க்கர் பிரெஞ்சு, ஸ்பானிஷ், பழம் என்று ஒன்றுவிடாமல் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

"பழமா?"

"ஆமாங்க. அதுலயும் சந்தேகம்தான்னு..."

"சந்தேகம் வேறயா!" செயலாளர் மைத்துனன் பக்கம் திரும்பினார். அவன் கேப்டனைக் கப்பலிலிருந்து இறக்கினானோ இல்லையோ, செயலாளர் எழுந்து கை கொடுத்துவிட்டார். "நம்ம வெள்ளி விழா மலர்ல நானே ஆராய்ச்சி பண்ணி எழுதின கட்டுரை! இவர் ஒருத்தர்தான் படிச்சிருக்கார்."

மார்க்கருக்கு அப்போதுதான் உறைத்தது. முதன்முதலில் தன்னிடம் கேட்ட அந்த உறுப்பினர் இவரேதான். அடப்பாவி மனுஷா, நான் விட்ட கதையை வைத்தே என்னைக் கவிழ்த்துவிட்டாயே! நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? செயலாளரின் ஆராய்ச்சி சந்தி சிரிக்கும்; இத்தனை வருஷம் உறுப்பினர்களின் காதில் பூச்சுற்றியவன் என்று இருக்கிற வேலைக்கும் சீட்டுக் கிழியும். வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி" என்று மனைவி அன்று முழுக்கத் தேற்றினாள். தம்பிக்கு வேலை உயர்ந்த சந்தோஷத்தை மறைக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து அவருக்கு அவள்மேலேயே பாவமாகிவிட்டது.

அடுத்த வாரம் செயலாளர் மூன்று விருந்தாளிகளை அழைத்துவந்து கேப்டன் கதையை ரசித்து ரசித்துச் சொன்னார். அதில் ஒரு அம்மாள், "பாவம், எந்தக் கண்ணுங்க போச்சு?" என்று கேட்டுவிட்டார்.

செயலாளர் புது ஹெட் மார்க்கரைப் பார்த்தார். அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தலையைச் சொறிந்து, "அத்தான்..." என்று இழுத்தான்.

மார்க்கருக்கு வயிறு எரிந்தது. தவிக்கட்டும், எனக்கென்ன என்று நிற்கலாம்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விடுமா?

"இடது கண்ணுங்க. பீரங்கி வெடிச்சதுல போச்சு."

விருந்தாளிகள் உச்சுக் கொட்டினார்கள். செயலாளருக்கு ஒரே பெருமை. மார்க்கரின் தோளில் தட்டி, "பரவாயில்லையே! இப்பவாவது மலரைப் படிச்சீங்களே!" என்றார்.