உட்கார்ந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நிதானம் போதவில்லை என்று யாரும் என்னிடம் வரக்கூடாது. போன செவ்வாய்க்கிழமை என் தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, "அக்கா, நான் சம்மதிச்சுட்டேனாம்," என்றாள்.

எதற்குச் சம்மதித்தாள் என்பதுதான் கதை.

அவள் ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடியே வேலை. அவளுடைய மகளுக்கு வீசிங் உண்டு. மூச்சு வாங்க ஆரம்பித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எங்கள் வார்டு சுகாதார நிலையத்துக்கு. இரவு ஒன்பது வரை அங்கே ஆள் இருக்கும். புதிய வரவு செலவுத் திட்டத்தில் அதை மாலை ஐந்துக்கே பூட்டிவிடப் போகிறார்கள். அவளுக்கு வேலை முடிவதே ஆறு மணிக்கு.

2

முதல் வரிகளை எழுதிப் பார்த்தேன்.

"நகராட்சிக் கட்டடத்தின் படிகள் அன்று வெயிலில்—" (வேண்டாம். படிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.)

"ஜனநாயகம் என்பது யாதெனில்—" (இதை வாசித்துக் காட்டியபோது தங்கை தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள்.)

"நேரா விஷயத்துக்கு வா," என்றாள் திரும்பி வந்து. "உன் கதையில ஒருத்தி ஜன்னல் கிட்ட போறதுக்கே ரெண்டு பக்கம் ஆகுது."

சரி, விஷயம். நகராட்சி தன் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும் முன் குடியிருப்போரின் கருத்தைக் கேட்க வேண்டும். அது சட்டம். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், மூன்று நிமிடம் பேசலாம். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும்.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது, அடங்காமல் மேலே வந்துவிட்டது: அறிவிப்பை ஒட்டியிருந்த இடம் பின்பக்க மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்தும் மூலையில். கூட்டம் நடந்தது வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் ஊரில் யார் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தார்களோ.]

3

தங்கையும் அவளோடு இஸ்திரி போடும் நான்கு பெண்களும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஒப்பந்தக்காரர்கள். இவர்கள் பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். மேடையில் அவைத்தலைவர் வரவு செலவுத் திட்டத்தின் ஒவ்வொரு தலைப்பின் எண்ணையும் படித்தார். எண் மட்டும்தான், விளக்கம் கிடையாது.

அப்போது கூடத்து உதவியாளர் ஐந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எவ்வளவு நேரம்மா நிப்பீங்க, உட்காருங்க," என்றார்.

உட்கார்ந்தார்கள். "காலை நீட்டினப்போ எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா," என்றாள் தங்கை. வேலை நேரத்தில் நாற்காலியைக் கண்ணால்கூடப் பார்க்காதவள் வேறென்ன செய்வாள்.

தலைவர் அடுத்த எண்ணைப் படித்தார். "ஆட்சேபணை உள்ளவங்க நிக்கலாம்," என்றார். யாரும் நிற்கவில்லை. அந்த எண்தான் சுகாதார நிலையம் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கூடத்தின் வழக்கம் அப்படி: நிற்பவர் எதிர்ப்பவர், உட்கார்ந்திருப்பவர் ஒப்புக்கொண்டவர்.

பிறகு தங்கையின் முறை வந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் சுகாதார நிலையம் என்று வாயெடுத்தாள்.

"அந்தத் தலைப்பு முடிஞ்சிடுச்சும்மா," என்றார் தலைவர், மிகவும் தன்மையாக. "நீங்க எல்லாரும் உட்கார்ந்துதானே இருந்தீங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

4

உதவியாளரை முதலில் வில்லனாக எழுதினேன். மேலிடத்து ஆள், வேண்டுமென்றே நாற்காலி கொண்டுவந்தவர். ஒரு குறுமீசையும் வைத்துவிட்டேன்.

"மீசையே கிடையாது," என்றாள் தங்கை. "அவரைப் போய் ஏன் இப்படி எழுதுற? எங்க பின்னாடியே பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடி வந்தாரு."

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் கவுன்சிலருங்க ஓட்டுப் போடுவாங்களாம். அதுக்கு முன்னாடி பொதுமக்கள் இன்னொரு தடவை பேசலாமாம். முந்தின நாளே செயலர் ஆபீஸ்ல பேர் கொடுத்துடணும். யாரும் வர்றதில்லன்னாரு."

மீசையை எடுத்துவிட்டேன். வில்லன் போனதும் கதை தொளதொளத்துப் போனது. கோபம் மட்டும் இருக்கிறது, அதை இறக்கிவைக்க ஒரு முகம் இல்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. தலைவர் தன்மையானவர், உதவியாளர் நல்லவர், சட்டம் சரியாக இருக்கிறது. எல்லோரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். ஒரு பிள்ளைக்கு மருந்து கிடைக்கும் கதவு மட்டும் மூடப்போகிறது.

5

முடிவுகள்.

அ) தங்கை வெள்ளிக்கிழமை பேசுகிறாள். அவை எழுந்து நின்று கை தட்டுகிறது. (அடித்துவிட்டேன். அவளே, "யாரு இவங்களா தட்டுவாங்க?" என்றாள்.)

ஆ) நிலையம் மூடப்படுகிறது. பிள்ளைக்கு இரவில்— (இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். அது எனக்கும் மகள். கதை உருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவளுக்கு எதையும் வரவழைக்க மாட்டேன்.)

இ) ஐந்து பெண்களும் இந்த முறை உட்கார மறுக்கிறார்கள். தலைவர் சொல்கிறார்: "ஏற்கெனவே நிக்கிறவங்க எழுந்ததா கணக்கில்ல. முதல்ல உட்கார்ந்துட்டு அப்புறம் எழுந்திருங்க." (இதை நையாண்டியாக எழுதினேன். தங்கை சிரிக்கவில்லை. "சொன்னாலும் சொல்லுவாங்க," என்றாள்.)

6

இன்று வியாழன். மதியமே போய்ப் பெயர் கொடுத்துவிட்டோம், நானும் சேர்த்து. செயலர் அலுவலகத்துப் பெண் எங்களை விநோதமாகப் பார்த்தாள். தலைப்புகளின் விவரம் வேண்டும் என்று கேட்டேன். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தானாம். கேட்டவர் இதுவரை யாரும் இல்லையாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நாள் கட்டாயம் இருக்கும். எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். எண்ணைப் படித்தால் அது என்ன என்று அங்கேயே குறுக்கிட்டுக் கேளுங்கள். மரியாதைக் குறைவு என்பார்கள். சொன்னால் சொல்லட்டும்.

இப்போது தங்கை என் எதிரில் உட்கார்ந்து, பேசப்போவதைச் சொல்லிப் பார்க்கிறாள். நான் எழுதிக்கொடுத்த மூன்று நிமிட உரை மேசையில் கிடக்கிறது. அதில் சமூக நீதி இருக்கிறது, புள்ளிவிவரம் இருக்கிறது. அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"நான் இவ்வளவுதான் கேக்கப்போறேன்," என்றாள். "ராத்திரி ஏழு மணிக்கு என் பொண்ணுக்கு மூச்சு வாங்கினா நான் எங்க போகணும்? அதை நீங்களே சொல்லிட்டு, அப்புறம் ஓட்டுப் போடுங்க."

"மிச்ச நேரம்?"

"அவங்க பதில் சொல்ற வரைக்கும் அங்கேயே நிப்பேன்."

அடுத்த வரியை நான் எழுதமாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நாளை மாலை, கூட்ட அரங்கில், பொதுமக்கள் முன்னிலையில் சொல்லட்டும். அந்தப் பொதுமக்களில் இதுவரை ஆறு பேர் இருக்கிறோம்.